ஆசிரியர்கள் முதலில் ஒரு தடவை இணையவழி மாணவராகட்டும்

கேள்வி இதுதான்: மட்டக்களப்பில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருக்கிறீர்கள். அடுத்த செமஸ்டரில் உயர் தேசிய டிப்ளோமாவின் மூன்று பாடங்களை முழுக்க இணையவழியில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒருநாள் சூம் பயிற்சியும் மாணவர்களுக்கு அரைமணி நேர அறிமுகமும் போதும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். போதுமா, போதாதென்றால் இரு தரப்பையும் எப்படிப் பயிற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று ஒருநாளில் காட்டிவிடலாம்தான். ஆனால் இப்போது அது யாருக்கும் பெரிய பிரச்சினை இல்லை. 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடியபோது கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலிலும் ஆட்கள் தட்டுத்தடுமாறிச் சூமைப் பழகிவிட்டார்கள். பழகாமல் விட்டது வேறொன்று. முகம் காணாமலே ஒரு கிழமை முழுக்க ஒரு பாடத்தை ஆசிரியரும் மாணவரும் எப்படி நகர்த்துவது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

அந்த நாட்களில் நடந்ததை இணையவழிப் பாடநெறி என்று நான் சொல்லமாட்டேன். விரிவுரை மண்டபத்து நேரசூசி அப்படியே போனுக்குள் போனது, அவ்வளவுதான். அதே மார்ச்சில் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹொட்ஜஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, இதை அவசரகாலத் தொலைக் கற்பித்தல் என்று தனியாகப் பிரித்தது. முறையாகத் திட்டமிட்ட ஒரு பல்கலைக்கழக இணையவழிப் பாடத்துக்கு வழமையாக 6 முதல் 9 மாதம் ஆயத்தம் வேண்டும் என்றும் அது சொன்னது. உங்கள் நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். ஒன்பது மாதம் தரமாட்டார்கள், ஆனால் ஒருநாள் என்பதை மூன்று கிழமையாக்கலாம்.

தொலைவில் இருந்து படிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது, அதற்கு மட்டக்களப்பில் நிலையமும் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு அதில் பட்டம் எடுத்தவர்கள் உங்கள் நிறுவனத்திலேயே இருப்பார்கள். வெளியில் இருந்து வளவாளரைத் தேடுவதற்கு முன் அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, எந்தக் கட்டத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது, பிறகு எது இழுத்து வைத்தது என்று கேளுங்கள். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், மண்டபத்தில் பின் வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைகூட உங்கள் கண்ணில் படும். முகத்தைப் பார்த்தே விளங்கவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பச் சொல்வீர்கள். இணையத்தில் பேசாத பிள்ளை இல்லாத பிள்ளை. ஆசிரியர் அந்த இல்லாமையைக் காணப் பழகவேண்டும், மாணவர் தான் இருக்கிறேன் என்று தடம் பதிக்கப் பழகவேண்டும். இரு தரப்புப் பயிற்சியையும் இந்த ஒன்றை நடுவில் வைத்துத்தான் கட்டவேண்டும்.

முதலில் ஆசிரியர்கள். அவர்களுக்குப் பயிலரங்கு வைக்காதீர்கள். செமஸ்டருக்கு முன்னால் மூன்று கிழமைப் பாடநெறி ஒன்றை, மாணவர்கள் பாவிக்கப்போகும் அதே மூடில் தளத்தில் (பாடங்களையும் கலந்துரையாடலையும் ஓரிடத்தில் வைக்கும் கற்றல் தளம் அது), இணையவழியிலேயே நடத்துங்கள். ஆசிரியர்கள் அதில் மாணவர்களாகச் சேரட்டும். ஒரு நிபந்தனை கட்டாயம்: ஒரு கிழமையாவது நிறுவனத்தின் வைஃபையும் லெப்டொப்பும் இல்லாமல், வீட்டில் இருந்து, சொந்த ரீலோட்டில், போனில் மட்டும் படிக்கவேண்டும். வெல்லாவெளி, வாகரை போன்ற தூர ஊரில் இருந்து ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். தான் போட்ட நாற்பது பக்கப் பிடிஎஃப்பைச் சின்னத் திரையில் இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்த ஆசிரியர், அடுத்த பிடிஎஃப்பை அப்படிச் செய்யமாட்டார்.

முதல் கிழமையில் எல்லோரும் கலந்துரையாடற் களத்தில் தங்களை அறிமுகம் செய்யட்டும். நடத்துபவர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, ஒரு நாளுக்குள் பதில் எழுதவேண்டும். இரண்டாம் கிழமையில் ஓர் ஒப்படையை (அசைன்மென்டை) கொடுத்துவிட்டு நடத்துபவர் வேண்டுமென்றே நான்கு நாள் பேசாமல் இருக்கட்டும். கேள்வி கேட்டாலும் பதில் இல்லை. மூத்த விரிவுரையாளர்களுக்கே கோபம் வரும், சிலர் ஒப்படையைச் செய்யாமல் விடுவார்கள், நிர்வாகத்துக்கு முறைப்பாடும் போகலாம். ஐந்தாம் நாள் அந்தக் கோபத்தையே பாடமாக எடுங்கள். மூன்றாம் கிழமையில் ஒவ்வொருவரும் தம் பாடத்தில் ஒரு கிழமைக்கு உரியதை மட்டும் கட்டி முடிக்கவேண்டும். இன்னொரு துறைச் சக ஆசிரியர் அதை மாணவராக இருந்து செய்து பார்த்து, எங்கே குழம்பினார் என்று எழுதித் தரவேண்டும். கணக்கியல் படிப்பிப்பவரின் பாடத்தை ஆங்கிலம் படிப்பிப்பவர் செய்து பார்ப்பது மிக நல்லது. பாடம் தெரியாதவருக்குத்தான் அறிவுறுத்தலில் உள்ள ஓட்டை தெரியும்.

கோட்பாடு என்று அதிகம் ஊட்டத் தேவையில்லை. ஒன்று மட்டும் பயன்படும். கனடாவில் கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த சட்டகம், இணையவழி வகுப்பில் மூன்று வகை இருப்பு வேண்டும் என்கிறது. சிந்தனையின் இருப்பு, ஆட்களாக ஒருவரையொருவர் உணரும் சமூக இருப்பு, கற்பிப்பவரின் இருப்பு. எங்கள் விரிவுரையாளர்கள் முதலாவதுக்கு வேண்டிய பொருளை மட்டும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்: ஸ்லைட், குறிப்பு, கடந்தகால வினாத்தாள். மற்ற இரண்டும் இல்லாத பாடம் ஒரு கோப்புக் கிடங்குதான். கற்பிப்பவரின் இருப்பு என்பதற்குக் கமராவில் முகம் தெரியவேண்டும் என்று அர்த்தம் இல்லை. திங்கள் காலை, இந்தக் கிழமை என்ன, குறைந்தது எதைச் செய்தால் போதும் என்று நான்கு வரி. வியாழன், பலர் பிழைவிட்ட இடம் இது என்று ஒரு குரல்பதிவு. ஞாயிறு, முடிக்காத பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. இதை ஒரு செமஸ்டர் தவறாமல் செய்யும் ஆசிரியரின் வகுப்பு கலையாது.

வீடியோ பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும், காசும் உழைப்பும் வீணாகும் இடம் அதுதான். 2014இல் பிலிப் குவோவும் சக ஆய்வாளர்களும் இணையவழிப் பாடநெறிகளைத் தரும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். மாணவர் ஈடுபாடு பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. மண்டப விரிவுரையைப் பதிவுசெய்து துண்டாக்கிப் போட்டவை, இணையத்துக்கென்றே எடுத்தவற்றைவிடக் குறைவாகவே ஈர்த்தன. அவர்கள் அளந்தது பார்த்த நேரத்தை, கற்ற அளவை அல்ல. ஆனாலும் இரண்டு மணித்தியால சூம் பதிவை ஏற்றிவிட்டுப் பாடம் முடிந்தது என்பவருக்குக் காட்ட இது போதும்.

அதோடு டேட்டா. சூமில் வீடியோவோடு ஒரு மணித்தியாலம் இருந்தால், தரத்தைப் பொறுத்து அரை ஜிபியில் இருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகும். அதே விடயத்தைப் பத்து நிமிடக் குரலாக, குறைந்த ஒலித்தரத்தில் (32 கேபிபிஎஸ்) பதிந்தால் 2.4 எம்பிதான் வரும். கூடவே படங்களோடு ஆறு பக்கப் பிடிஎஃப் வைத்தால் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒற்றைக் கோடு சிக்னலில் இருக்கும் பிள்ளையும் இறக்கி வைத்துப் படிக்கும். 2020இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகத் தளங்களுக்கும் சூம் வகுப்புகளுக்கும் டேட்டா கழியாமல் இருக்க வழிசெய்திருந்தார்கள். அந்தச் சலுகையை நினைத்துக்கொண்டு இன்றைய பாடத்தைத் திட்டமிடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததும் ஞாபகம் இருக்கட்டும். கரண்ட் போனாலும் நடக்கும் பாடம் என்பது இறக்கிவைத்துப் படிக்கக்கூடிய பாடம்தான். மூடில் செயலியில் அதற்கு வசதி உண்டு. ஆசிரியர் அமைப்பில் அனுமதித்தால் குயிஸைக்கூட இணைப்பு இல்லாமல் செய்துவிட்டு, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். இதை எத்தனை பேர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று உங்கள் நிறுவனத்தில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

நேரலை வகுப்பே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கிழமைக்கு ஒன்று, நாற்பத்தைந்து நிமிடம், கேள்விக்கும் கணக்குச் செய்துகாட்டவும் மட்டும். நேரத்தை ஊரைப் பார்த்து வையுங்கள். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பை வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் வைப்பதும், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் மஃரிபோடு முட்டும்படி வைப்பதும் வேண்டாத வேலை. கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் வகுப்பில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை. அந்த மாதங்களில் ஓர் ஒப்படைக்கும் ஒரே ஒரு இறுதித் திகதி வைக்காதீர்கள், ஒரு கிழமை இடைவெளி விட்டு இரண்டு திகதி வையுங்கள். பிறகு வெள்ளாமை வெட்டு வரும். தாய்தகப்பனோடு வயலுக்குப் போகும் பிள்ளைகள் டிப்ளோமா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இனி மாணவர்கள். அரைமணி அறிமுகத்துக்குப் பதிலாகப் பாடம் தொடங்குமுன் ஒரு முழுக் கிழமை கொடுங்கள். அதில் பாட விடயம் எதுவும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், ஆனால் முடித்தால்தான் முதலாம் கிழமைப் பாடம் திறக்கும் என்று பூட்டிவிடுங்கள். மூடிலில் அதற்கு வழி இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்து திரும்ப எடுப்பது, கையால் எழுதிய தாளைப் போனில் படம்பிடித்து ஒரே பிடிஎஃப்பாக்குவது, கோப்புக்குத் தன் சுட்டெண்ணைப் பெயராக வைத்து ஏற்றுவது, ஏறியதா என்று திரும்பிப் பார்ப்பது. சின்ன வேலைகள்தான். ஆனால் இறுதித் திகதி இரவு பதினொன்றரைக்கு விரிவுரையாளருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இவை பற்றித்தான்.

தமிழில் எழுதுவதையும் அந்தக் கிழமையிலேயே பழக்குங்கள். பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகியவர்கள். போனில் ஜிபோர்ட் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டு மொழியில் தமிழ் (இலங்கை) எடுத்தால் பேசியே எழுதலாம். இது ஏன் முக்கியம் என்றால், உயர் தேசிய டிப்ளோமா ஆங்கில மொழிமூலம். ஆங்கிலத்தில் பிழைவிடப் பயந்து களத்தில் ஒரு சொல்லும் எழுதாத பிள்ளை, தமிழில் எழுதலாம் என்றால் நல்ல கேள்வி கேட்கும். கலந்துரையாடல் எந்த மொழியிலும், ஒப்படை ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வளராதே என்பார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு எந்த மொழியும் வளராது.

அடுத்தது நேரம். ‘நினைத்த நேரம் படிக்கலாம்’ என்றுதான் இணையவழிக் கல்விக்கு ஆள் சேர்க்கிறார்கள். விட்டுப்போகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் அந்தச் சொல்லில்தான். கணக்காகக் காட்டுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் 150 மணித்தியாலம். பதினைந்து கிழமைச் செமஸ்டரில் கிழமைக்குப் பத்து. மூன்று பாடம் என்றால் முப்பது. அந்த முப்பதையும் எந்த நாளில், எந்த நேரத்தில், வீட்டில் எந்த இடத்தில் வைக்கப்போகிறாய் என்று ஒரு தாளில் எழுதி, படம்பிடித்து ஏற்றச் சொல்லுங்கள். முப்பதை வைக்க இடமில்லை என்று தெரிந்தால் ஒரு பாடத்தைப் பிறகு எடுக்கும்படி அப்போதே சொல்லலாம். பத்தாம் கிழமையில் மூன்றையும் விடுவதைவிட அது மேல்.

அந்தத் தாள் சுவரில் ஒட்டப்படவேண்டும், வீட்டாருக்காக. பிள்ளை போனை வைத்துக்கொண்டு இருந்தால் படிக்கிறது என்று எங்கள் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. பெண்பிள்ளை என்றால் கூப்பிட்டு ஒரு வேலை சொல்லிவிடுவார்கள். நிறுவனத்தின் பெயரில் பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: இந்த நேரங்களில் உங்கள் மகள் வகுப்பில் இருக்கிறார் என்று. ஒரு போனை அண்ணன் தங்கச்சி இரண்டு பேர் பாவிக்கும் வீடுகளும் இருக்கும். அதை முதல் கிழமையிலேயே கேட்டு எழுதிவைத்தால்தான் நேரலைக்கு வராததை ஒழுக்கக்கேடாக எண்ணாமல் இருப்பீர்கள்.

எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஏ/எல் வரை டியூஷன் சேர் பிழிந்து கொடுத்ததைப் பாடமாக்கியவர்கள் இவர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த பரிசோதனை ஒன்றில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசித்துவிட்டுத் தாளை மூடி நினைவில் இருந்து எழுதிப்பார்த்தவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். இதை மாணவர்களிடம் சொல்வதோடு விடாமல் பாடத்திலும் வையுங்கள். கிழமைக்கு ஐந்து கேள்வி, மிகக் குறைந்த புள்ளி, இரண்டு தடவை முயலலாம். இறுதிப் பரீட்சையை மட்டும் நம்பிய இணையவழிப் பாடத்தில் முதல் பத்துக் கிழமையும் தளம் ஈ ஓட்டும்.

பார்த்து எழுதுவது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுவது பற்றி உங்கள் நிர்வாகம் நிச்சயம் கேட்கும். கண்டுபிடிக்கும் மென்பொருளில் காசைப் போடவேண்டாம். ஒப்படையை ஊரோடு கட்டுங்கள்: உங்கள் தெருக் கடையின் ஒரு கிழமை வரவுசெலவு, உங்கள் வயலின் விதைநெல் செலவு, உங்கள் ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு. பிறகு பத்துப் பேரில் இரண்டு பேரை எழுமாறாக எடுத்து ஐந்து நிமிடம் போனில் கேளுங்கள்.

வட்ஸ்அப் இல்லாமல் இங்கே எந்த வகுப்பும் நடக்காது, ஆனால் அது வகுப்பறையாகக் கூடாது. அறிவித்தலுக்கு வட்ஸ்அப், பாடமும் ஒப்படையும் கேள்வியும் மூடிலில் என்று முதல் நாளே கோடு கிழியுங்கள். குழுவில் ஒருவர் பாடக் கேள்வி கேட்டால் ‘களத்தில் போடுங்க, அங்க பதில் சொல்றன்’ என்று சொல்லி, அங்கேயே சொல்லவேண்டும். இல்லையென்றால் ஒரே கேள்விக்கு இருபது தடவை பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு பதில் இல்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஆசிரியைகளுக்கு இது மிகவும் தேவை.

இதையெல்லாம் செய்தாலும் இரண்டாம் கிழமை முடிவில் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் மற்றதற்குப் பெரிய பயன் இல்லை. மூடிலில் பங்குபற்றுபவர் பட்டியலில் இத்தனை நாளாக உள்நுழையாதவர்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். அந்தப் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் எடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், குழுவில் பெயர் போட்டு வெட்கப்படுத்தவும் வேண்டாம். ‘என்ன மகன், ரெண்டு கிழமையாக் காணல்ல, எங்க நிக்கிது?’ என்று கேட்டாலே பாதிக் காரணம் வெளியே வரும். கடவுச்சொல் தொலைந்திருக்கும், போன் உடைந்திருக்கும், அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார், அல்லது பிள்ளையே வேலைக்குக் கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்திருக்கும். நாலாவதுக்கு நீங்கள் செய்ய அதிகம் இல்லை. மற்ற மூன்றையும் தீர்க்கலாம். இந்த அழைப்பை விரிவுரையாளர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். சென்ற அணியில் சித்தியடைந்த மாணவர்கள் நாலைந்து பேரை ஒரு சிறு கொடுப்பனவோடு இதற்கென்றே பயிற்றினால் ஒருவருக்குப் பத்துப் பிள்ளை அளவில் கவனிக்கலாம்.

நிர்வாகத்திடம் கேட்கவேண்டியவை இரண்டுதான். ஒன்று, இந்த மூன்று கிழமையையும் ஆசிரியரின் வேலைநேரமாகக் கணிக்கவேண்டும். வழமையான விரிவுரைச் சுமைக்கு மேல் ஏற்றினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மற்றது, பயிற்சிச் சான்றிதழை வந்திருந்ததற்குக் கொடுக்காமல், கட்டி முடித்து, சக ஆசிரியர் செய்து பார்த்த ஒரு கிழமைப் பாடத்துக்குக் கொடுக்கவேண்டும்.

மூன்று பாடத்தையும் ஒரே செமஸ்டரில் தொடங்க நான் உடன்படமாட்டேன். ஒன்றை எடுங்கள். எந்தப் பாடம் இலேசானது என்று பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள், எந்த ஆசிரியர் பிள்ளைகளின் செய்திக்கு இப்போதே ஒழுங்காகப் பதில் போடுகிறவர் என்று பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். ஸ்லைட் செய்ய அவருக்கு ஒரு தம்பி உதவலாம். மற்ற இரண்டு பாடங்களின் விரிவுரையாளர்களை அந்தச் செமஸ்டர் முழுக்க அதே பாடத்தில் பார்வையாளராகச் சேர்த்துவிடுங்கள். அவர்களுடைய பயிற்சி அங்கேயே நடந்துவிடும்.